சோணையம்மாள் எடுத்த காலடி மண்

சோணையம்மாளைப் பற்றிச் சொல்வதற்கு என்னை விட்டால் ஆள் கிடையாது. வேறு யாரைக் கேட்டாலும் நல்லவள், கைராசிக்காரி என்று ரெண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். நான் நாற்பத்திரண்டு வருசமாக அவளைப் பார்த்து வயிறெரிந்தவள். எனக்கு அவளை நகக்கண் வரைக்கும் தெரியும்.

அவள் என் கொழுந்தன் சின்னக்கருப்புக்கு வாழ்க்கைப்பட்டு வருசநாட்டுப் பக்கமிருந்து வந்தவள். எனக்கு ஓரகத்தி. காமயகவுண்டன்பட்டியில் எங்கள் ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அவள் வீட்டில் மிக்சி ஓடினால் என் வீட்டு அலமாரியில் தம்ளர் நடுங்கும். திராட்சைத் தோட்டமும் அப்படித்தான். எங்கள் மாமனார் ஒரே பந்தலை நடுவில் கம்பி இழுத்து ரெண்டு மகன்களுக்கும் பிரித்துக் கொடுத்தார். ஒரே மண், ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே கடையில் வாங்கிய மருந்து. ஆனாலும் கேரளாவிலிருந்து வருகிற வியாபாரி வண்டியை நிறுத்தியதும் முதலில் அவள் பக்கம்தான் குனிந்து நுழைவான். என் குலையைக் கையில் ஏந்திப் பார்த்து, பரவாயில்லை என்கிற மாதிரி மலையாளத்தில் "கொள்ளாம்" என்பான். அவள் குலையைப் பார்த்தால் ஒன்றும் சொல்ல மாட்டான். பேசாமல் தலையை மட்டும் ஆட்டுவான். அந்தத் தலையாட்டு எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

பேங்குக்குப் போனால் அவள் தன் பேரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போடுவாள். எனக்குக் கைநாட்டு. பெருவிரல் மையைத் துடைக்க அவளே ஒரு துணி கொண்டு வந்து நீட்டுவாள். அது இன்னும் எரிச்சல்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, கண்ணேறு கழிக்கிற அவள் கை.

அவள் வந்து நாலு மாசம்தான் இருக்கும். என் மகன் விஜய்பாண்டி அப்போது ஒரு வயசுப் பிள்ளை. மூன்று நாளாகப் பால் குடிக்காமல் வீரிட்டு அழுதான். நான் சுற்றிப் போட்டேன், என் மாமியார் சுற்றிப் போட்டார், ஒன்றும் கேட்கவில்லை. நாலாம் நாள் காலையில் இவள் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, நான் ஒரு தடவ சுத்திப் போடட்டுமா?"

"நீ என்னத்தடி சுத்துவ? வந்து நாலு மாசம் ஆகல."

"எங்க ஊருல சுத்துவேன்க்கா. ஆடு மாட்டுக்குத்தான். பிள்ளைக்கும் கேக்கும்ல?"

கல்லுப்பு, வரமிளகாய், முச்சந்தி மண். பிள்ளையை மூன்று தடவை சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் பொசுங்கினால் வீடே இருமும். அன்றைக்கு ஒரு துளி நெடி இல்லை. நெடி வராவிட்டால் கண் பட்டிருந்து கழிந்துவிட்டது என்று அர்த்தம்; நெடி வந்தால் கண்ணே இல்லை, வேறு நோய். பிள்ளை அப்படியே தூங்கிப் போனான். அவள் மடியில். பெற்றவள் நான் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு அவள் வாசலில் ஆள் இல்லாத வெள்ளிக்கிழமை கிடையாது. புது ஜேசிபி வாங்கியவன் வருவான். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் வரும். கம்பத்தில் பீரோக்கடை வைத்திருக்கிற ராஜமணியின் சம்சாரம் ஜெபராணி ஒரு நாள் பைபிளைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்து, "நான் ஜெபம் பண்ணிட்டேன்மா. இருந்தாலும் மருமகளுக்கு நீங்க ஒரு தடவ…" என்று இழுத்தாள். துபாயில் இருக்கிற பேரப்பிள்ளைக்கு என்று ஒருத்தி வந்தபோது, செல்போனில் முகத்தைக் காட்டச் சொல்லி, அந்தப் போனையே சோணையம்மாள் மூன்று தடவை சுற்றி மிளகாயைப் போட்டிருக்கிறாள். அங்கே பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதாம். யாரிடமும் கைநீட்டி ஒன்றும் வாங்க மாட்டாள். வாங்கியிருந்தாலாவது காசுக்காகச் செய்கிறாள் என்று நான் நாலு பேரிடம் சொல்லியிருப்பேன்.

யாருடைய கண் என்று தெரிந்தால், அந்த ஆள் நிற்கிற இடத்து மண்ணைக் கொஞ்சம் கிள்ளி மிளகாயோடு சேர்ப்பாள். தெரியாவிட்டால்தான் முச்சந்தி மண். யாருடைய காலடி மண்ணை எடுத்தாள் என்பது மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் அவள் அதை லேசில் எடுக்க மாட்டாள்.

கொழுந்தன் அவளுடைய முப்பத்தோராம் வயசில் போய்ச் சேர்ந்தார். பந்தலுக்கு மருந்தடித்துவிட்டு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், அவ்வளவுதான். மகன் தங்கப்பாண்டிக்கு அப்போது பத்து வயசு. அவளே கத்திரியைத் தூக்கிக்கொண்டு கவாத்து வெட்டினாள், அவளே வியாபாரியிடம் பேசினாள். நான் அழுதேன், பொய்யில்லை. ஆனால் உள்ளே ஓரத்தில் ஒன்று தோன்றியது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். இனி ஒரு விசயத்தில் நான்தான் உசத்தி.

எங்கள் பக்கம் கல்யாணத்தில் சீர்வரிசை மண்டபத்துக்குள் போகும்போது முதல் தட்டை அந்தக் குடும்பத்தின் மூத்த சுமங்கலி தூக்க வேண்டும். மஞ்சள், குங்குமம், தேங்காய் வைத்த தட்டு. மேளக்காரருக்கு அடுத்து அந்தத் தட்டுதான். எங்கள் குடும்பத்தில் அது நான். தாலி இழந்தவர்கள் மேடைப் பக்கம் வரக்கூடாது என்று கடைசி வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். பிள்ளைக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் பின்வாசல் வழியாக வந்து அவளைக் கூப்பிடுகிற அதே ஆட்கள்தான். முப்பது வருசமாக நான் தட்டைத் தூக்கியிருக்கிறேன், அவள் தூக்கியதில்லை. எனக்கு இருந்தது அந்த ஒன்றுதான்.

இந்த வைகாசியில் அவள் பேத்தி ஹேமாவதிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கடமலைக்குண்டு. மாப்பிள்ளையின் அம்மா ஜோதிலட்சுமி சகுனம் சாஸ்திரம் என்று விரல் விட்டு எண்ணுகிற ஆள். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். புதன்கிழமை காலையில் ராஜமணி கடையிலிருந்து குட்டியானை வண்டியில் பீரோ வந்து இறங்கியது. கதவு முழுக்க ஆள் உயரத்துக்குக் கண்ணாடி. இறக்கி உள்ளே வைத்துவிட்டு வீட்டில் எல்லாரும் தோட்டத்துக்குத் திராட்சைக் காய் வெட்டப் போய்விட்டார்கள். மத்தியானம் ஜோதிலட்சுமி சீர் பார்க்க வருவதாக இருந்தது.

நான் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன்.

போன வருசம் என் பேத்தி மாரீஸ்வரிக்கு வாங்கிய பீரோவில் கண்ணாடி கிடையாது. என் மகன், கண்ணாடியெல்லாம் எதற்கு, உடைந்தால் தரித்திரம் என்று சொல்லி வேண்டாமென்றுவிட்டான். இந்தப் பீரோ முன்னால் நின்றேன். தலையிலிருந்து கால் வரைக்கும் என்னை ஒரே வீச்சில் நான் பார்த்தது அன்றைக்குத்தான். பார்த்ததும் சந்தோசம் வரவில்லை. உள்ளே எத்தனை லாக்கர் என்று பார்க்கத் தோன்றியது. கைப்பிடியைத் திருகிக் கதவைத் திறந்தேன். ரெண்டு லாக்கர்! எங்கள் பிள்ளைக்கு ஒன்று. வயிறு பற்றிக்கொண்டது. அந்த எரிச்சலில் திறந்த கதவை இன்னும் பின்னால் வேகமாகத் தள்ளிவிட்டேன். பக்கத்தில் ஜன்னல். ஜன்னல் கொண்டியில் கண்ணாடி போய் இடித்தது.

'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கதவை இழுத்துப் பார்த்தால் மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரைக்கும் ஒரு கீறல், அதிலிருந்து நாலைந்து கிளை. அதில் என் முகம் ஆறேழு துண்டாகத் தெரிந்தது. உடைந்த கண்ணாடியில் முகம் பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டே கதவைச் சாத்தினேன். வீட்டுக்கு வந்து ஒரு செம்பு தண்ணீரையும் நின்றபடியே குடித்தேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

ரெண்டு மணிக்கு அந்த வீட்டில் சத்தம் கேட்டது. போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று போனேன். என் வீட்டுக்காரர் சுருளியாண்டியும் பின்னாலேயே வந்தார். ஜோதிலட்சுமி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே சீர் பார்க்க வந்திருக்கிறாள். கட்டைப்பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை.

"மொகம் பாக்குற சாமானு மொதல்லயே ஒடஞ்சு கெடக்கு. இத எப்பிடி நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது?"

தங்கப்பாண்டி, "வேற கண்ணாடி மாத்திக்கிருவோம் மதினி. ராஜமணிக்குப் போன் போட்டா நாளைக்கே வந்துருவாரு" என்றான்.

"கண்ணாடிய மாத்திருவீக. பட்ட கண்ண மாத்துவீகளா? தானா வெடிக்கணும்னா எத்தன பேரு வயித்தெரிச்சலு பட்டிருக்கணும்!"

சோணையம்மாள் ஒரு வேட்டியை எடுத்து வந்து கண்ணாடி மேல் போட்டு மூடினாள். மூடும்போது கைப்பிடியைப் பார்த்தாள். ஒரு நொடி. பிறகு முந்தானை நுனியால் அதை ஒரு தேய் தேய்த்துத் துடைத்தாள். கைப்பிடியில் வெள்ளையாக ஏதோ இருந்தது. நான் என் விரலைப் பார்த்தேன். வெற்றிலைச் சுண்ணாம்பு. அந்த வீட்டில் வெற்றிலை போடுகிறவர்கள் யாரும் இல்லை.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

ஜோதிலட்சுமி முடிவாகச் சொன்னாள். "சோணை அத்த, ஒங்க கைராசி எங்க ஊரு வரைக்கும் பேரு. யாரு கண்ணுன்னு நீங்களே பாத்து அவுக காலடி மண்ண எடுத்துப் பொசுக்குங்க. அவுக ஞாயித்துக்கெழம தட்டுப் பக்கமோ மேடப் பக்கமோ வரப்படாது. அம்புட்டுத்தான், நான் மனசாற எடுத்துட்டுப் போவேன். ஆளு தெரியலேன்னா கல்யாணத்த ஆவணிக்குத் தள்ளிருவோம்."

எல்லாரும் வாசலுக்கு வந்தோம். வாசல் மண் தரை. ஹேமாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரோரம் நின்றது. சோணையம்மாள் ஓட்டுச்சட்டியில் நெருப்பை எடுத்து வந்து வைத்தாள். உப்பையும் மிளகாயையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டாள். மண்ணுக்கு மற்றொரு கை.

ஒவ்வொருவர் காலாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். மண்ணை எடுக்கப் போகிறாள், தட்டு போகப் போகிறது, இனி ஊரில் ஒரு சடங்குக்கு என்னைக் கூப்பிடுவார்களா? என்னைக் கண்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவார்களே என்றெல்லாம் ஓடியது. என் முன்னால் வந்து நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் குனிந்தாள். தன் கால் பெருவிரலுக்குக் கீழே இருந்து ஒரு சிட்டிகை மண்ணைக் கிள்ளினாள்.

"யாரு மண்ணு அத்த?" என்றாள் ஜோதிலட்சுமி.

"ஏம் மண்ணுதான்த்தா. பீரோ வந்து எறங்குன நேரத்துல இருந்து நாந்தான் அதவே சுத்திச் சுத்தி வந்து பாத்தேன். ஆசையில பாத்தாலும் கண்ணு கண்ணுதான்."

ஜோதிலட்சுமியின் முகம் தெளிந்தது. "அட, அப்பத்தா கண்ணுதானா! நல்லதாப் போச்சு. அவுக எப்பிடியும் மேடைக்கு வரப் போறதில்ல."

எல்லாரும் மூச்சு விட்டார்கள். யாருக்கும் எந்த நட்டமும் இல்லாமல் காரியம் முடிந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தால் ஞாயிற்றுக்கிழமை தட்டு என் கையில். ஆனால் என்னால் முடியவில்லை. பந்தலில் அவள், கையெழுத்தில் அவள், என் பிள்ளை தூங்கியது அவள் மடியில். இப்போது என் குற்றத்தையும் அவளே எடுத்துக்கொண்டு நல்ல பேர் வாங்குவாளா? இனிமேல் நான் தூக்குகிற தட்டு அவள் பார்த்துப் போட்ட பிச்சையா? அதைவிடக் கையில் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம்.

"நில்லுடி சோணை. அந்த மண்ணக் கீழ போடு."

"அக்கா, பேசாம இருங்க."

"என்ன பேசாம இருக்கச் சொல்ல நீ யாரு? அது ஏங் கண்ணு."

என் வீட்டுக்காரர் பதறிப்போனார். "ஏ மாயக்கா, ஒனக்கு என்னத்துக்குடி இந்த வம்பு? உள்ள போ."

"போக மாட்டேன். காலையில ஆளில்லாத நேரம் வந்தேன், கதவத் தொறந்தேன். ஏம் பேத்திக்கு ஒரு லாக்கரு, இதுல ரெண்டு. வயிறு எரிஞ்சுச்சு. அந்த எரிச்சல்ல கதவத் தள்ளுனேன், கொண்டியில இடிச்சுருச்சு. கை இடிச்சதுன்னு வச்சாலும் சரி, கண்ணு இடிச்சதுன்னு வச்சாலும் சரி, ரெண்டும் என்னுது. அவளுக்கு இதுல பங்கு கெடையாது."

ஜோதிலட்சுமி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பெரியத்த, அப்ப நீங்க தட்டுத் தூக்கப்படாது."

"தூக்கல."

"மேடைக்கும் வரப்படாது."

"அதான் தூக்கலங்கிறேன்ல. ஒரு தடவ சொன்னா போதாதா?"

சோணையம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் கோபம்தான் தெரிந்தது. மறுபடி குனிந்து என் காலடியிலும் ஒரு சிட்டிகை எடுத்தாள். ஆனால் ஏற்கெனவே கிள்ளிய தன் மண்ணைக் கீழே போடவில்லை. ரெண்டையும் ஒரே கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். ஹேமாவதியை நிற்க வைத்து மூன்று தடவை சுற்றி நெருப்பில் போட்டாள்.

மிளகாய் பொரிந்தது, கறுத்தது, புகைந்தது. ஒருவர்கூட இருமவில்லை. என் வீட்டுக்காரருக்குத் தாளிக்கிற வாசத்துக்கே தும்மல் வரும், அவரும் தும்மவில்லை. ஜோதிலட்சுமி கையெடுத்துக் கும்பிட்டாள். யாரை? சோணையம்மாளைத்தான். மண் கொடுத்தது நான், தட்டை விட்டது நான், கும்பிடு அவளுக்கு.

மறுநாள் ராஜமணி ரெண்டு ஆட்களோடு வந்து புதுக் கண்ணாடி மாட்டிவிட்டுப் போனார். உடைந்த துண்டுகளை ஆற்றில் விட்டுவிடலாம் என்று தங்கப்பாண்டி சொன்னான். குளிக்கிறவர்கள் காலைக் கிழிக்கும் என்று சோணையம்மாள் விடவில்லை. சாக்கில் சுற்றித் தோட்டத்து ஓரத்தில், ஆள் மிதிக்காத இடமாகப் பார்த்து இடுப்பளவு குழி தோண்டிப் புதைத்தாள். நான் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கம்பத்தில் மண்டபம். முதல் தட்டை எனக்குப் பதிலாகப் பங்காளி வீட்டுச் சுமங்கலி, தெற்குத்தெரு ராக்கம்மாள் தூக்கினாள். அவளுக்குத் தூக்கவே தெரியவில்லை. ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, செல்போனில் படம் எடுக்கிறவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனாள். எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. எங்கே உட்காருவது என்றும் தெரியவில்லை. கடைசி வரிசையில், கைகழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் சோணையம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தேன்.

"இங்கன இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியலயேடி. பூராம் கொண்டயும் முதுகுமாத்தான் தெரியுது."

"தட்டு மட்டும் தெரியும்க்கா. தலைக்கு மேல ஒசத்திப் பிடிப்பாகள்ல."

"ம்."

"முப்பது வருசமா இங்கன உக்காந்து ஒங்க தட்டத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். ஒவ்வொரு கலியாணத்துலயும் அது போறப்ப எனக்கு அடிவயிறு காந்தும்."

"பொய் சொல்லாத."

"நெசமாத்தான். போன வருசம் மாரீஸ்வரி கலியாணத்துல, அந்தத் தட்டு சரியட்டும்னு நெனச்சேன். தேங்கா உருண்டு ஓடுச்சுல்ல?"

உருண்டு ஓடியது. மேளக்காரர் காலடி வரைக்கும் ஓடியது. என் கையில்தான் நடுக்கம் என்று நினைத்து ஒரு வருசமாக நான் கைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

"அடிப் பாதகத்தி! அப்ப அன்னைக்கு ஏம் மண்ணுன்னு நீ சொன்னது என்னக் காப்பாத்துறதுக்கு இல்லையா?"

"அதுக்கும்தான். ஆனா பொய் சொல்லலக்கா. பீரோ வந்து எறங்குனப்ப, இது மண்டபத்துக்குள்ள போறப்ப முன்னால நடக்குறது நீங்க, கடைசி வரிசையில உக்காருறது நான்னு நெனச்சேன். அது ஏம் பேத்தி சீரு. நல்லா எரிஞ்சுச்சு. அதான் ஏம் மண்ண நான் கீழ போடல."

எனக்கு வந்த சந்தோசத்தை எப்படிச் சொல்வது! என்னைப் பார்த்து ஒருத்தி முப்பது வருசம் வயிறெரிந்திருக்கிறாள், அதுவும் இவள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கொஞ்சம் முன்னாலேயே தெரிந்திருந்தால் நான் எத்தனை நாள் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்!

அதற்காக விட்டுக்கொடுக்க முடியுமா? "இருந்தாலும் கண்ணாடி ஒடஞ்சது ஏங் கண்ணுலதான்" என்றேன்.

"ஒங்களுது கைக்கா. கண்ணு என்னுது."

"நான்தான அங்கன நின்னேன்? நீ தோட்டத்துல காயி வெட்டிக்கிட்டு இருந்த."

"ஏங் கண்ணு எட்டத்துல இருந்தே பிடிக்கும். தேங்காயக் கேட்டுப் பாருங்க."

கெட்டிமேளம் முழங்கியது. முன்வரிசையெல்லாம் எழுந்து நின்றுவிட்டதால் மேடை கொஞ்சம்கூடத் தெரியவில்லை. அட்சதைத் தட்டும் எங்கள் வரிசை வரைக்கும் வரவில்லை. நான் எழுந்து போய், நடுவில் நின்ற ஒருவன் கையிலிருந்த தட்டில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்தேன். அவள் கையை விரிக்கச் சொல்லிப் பாதியைப் போட்டேன். சரிபாதி இல்லை. எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்துக்கொண்டேன்.